கல்வீட்டுக்காரர்கள் பிறந்த கதை

கல்யாணமாகிப் பென்னாகரத்துப் பக்கம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பிறந்த ஊர் பொம்மிடி. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன்; என்னைக் கொஞ்சம் படிக்கவும் வைத்தார். ரயில் சத்தத்தை வைத்தே உலை வைக்கவும் விளக்கேற்றவும் பழகியவள் நான். இங்கே வந்தால் ரயிலும் இல்லை, மணியும் தெரியாது. ஒகேனக்கல்லுக்குப் போகிற ரோட்டோரம் ஒரு சின்ன ஊர். ஊரின் கடைசியில் எங்கள் ஓட்டு வீடு. அதைத் தாண்டினால் பாறைக் குன்றான கரடும் காடும். அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி.

என் வீட்டுக்காரர் ரோட்டு மேஸ்திரி. கூலியாட்களை வைத்து ஜல்லி உடைத்துப் போடுவது, ஓடைகளுக்கு மேல் மதகு கட்டுவது அவர் வேலை. வீட்டில் அவரும் நானும் அவருடைய அக்காவும்தான். நாத்தனார் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர்; பிள்ளைகள் இல்லை. தம்பியை வளர்த்ததே அவர்தான். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது முடிவாக இருக்கும்.

முதல் தடவை உண்டானது ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதனால் இரண்டாவது தடவை உண்டானபோது நான் நடப்பதற்கும் பயந்தேன், நடக்காமல் இருப்பதற்கும் பயந்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டேதான் தூங்குவேன். அப்படி இருந்த நாளில்தான் அந்தக் கல் விஷயம் நடந்தது.

மழைக்கு முன்னால் ஒரு மதகை முடித்தாக வேண்டும். அதற்கு மேலே போட வேண்டிய பலகைக்கல் குவாரியிலிருந்து வரவேயில்லை. ஓவர்சியர் இரண்டு முறை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மதகுக்குப் பக்கத்திலேயே ஒரு கரடு. அதன்மேல் குள்ளர் வீடுகள் இருந்தன. மூன்று பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைக் கூரையாகப் போட்டு, உட்கார்ந்தால் தலை இடிக்கிற உயரத்தில் சின்னச் சின்ன வீடுகள். சிலதில் பின்கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு முழ உயரமே இருந்த குள்ளர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்காரருக்குக் களி கொண்டு போயிருந்தேன். அவர் கரட்டின்மேல் நின்றிருந்தார். கையில் கடப்பாரை. உள்ளூர்க் கூலிக்காரர்கள் எல்லாரும் தள்ளி நின்றார்கள்.

"மேஸ்திரி, அது குள்ளரு வூடுங்க. வீமன் வேர்வைய ஒதறுனப்ப விழுந்த துளியிலருந்து பொறந்தவங்க. தொட்டா ஆவாதுங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

"குள்ளரு வந்து கேட்டா ஓவர்சியரப் போய்ப் பாக்கச் சொல்லு" என்று இவர் சிரித்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தானே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கூரைக்கல் நகர்ந்தபோது பல்லைக் கடிப்பது போன்ற ஒரு சத்தம் வந்தது. கல் சாய்ந்து மண்ணில் விழுந்தது. நான் பக்கத்தில் போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மண், ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் சிவப்புமாக உடைந்த ஓடுகள், காய்ந்த இலை.

"பேடா! பேடம்மா, பேடா!" என்று யாரோ கத்தினார்கள். கரட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்; பேடா என்றால் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு மோர் கொண்டுவந்து தருவார். ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"வயித்துப் புள்ளக்காரி நீ ஏம்மா எட்டிப் பாத்த?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. அது பிள்ளை அசைந்ததா, பயம் அசைந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த நாள் அவர் மோர் கொண்டுவந்தபோது நானே கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்; கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாமி மொதல்ல மண்ணப் பெசஞ்சு மனுசங்களப் பண்ணிச்சு. அவுங்களுக்கு ஊதறதுக்குன்னு பலத்த ஒரு கொடத்துல வச்சிருந்துச்சு" என்று அவர் ஆரம்பித்தார். "நம்மளையெல்லாம் பண்ணி முடிக்கறப்ப மண்ணு தீந்துபோச்சு. கொடத்துல பலம் மட்டும் மிச்சம். கையில ஒட்டியிருந்த மண்ண வழிச்சு ஒரு மொழத்துக்கு ஆளுங்களப் பண்ணி, மிச்ச பலத்தையெல்லாம் அவுங்க மேலயே ஊதிடுச்சு. அவுங்க மலையப் பேத்து வெளையாடுனாங்க. சாமிக்கே பயம் வந்துடுச்சு. நெருப்பு மழை பேஞ்சுது. அதுக்குப் பயந்துதான் கல்லுல வூடு கட்டுனாங்க. நெருப்பு அந்த ஓட்டை வழியாப் பூந்துடுச்சு."

"எல்லாரும் செத்துட்டாங்களா?"

"வயித்துல புள்ளையோட இருந்தவளுங்க சாவறப்ப கேட்டாளுங்களாம், எங்க புள்ளைங்க எங்க போய்ப் பொறக்கும்னு. எவன் உங்க கூரையப் பிரிக்கறானோ அவன் வூட்ல போய்ப் பொறக்கட்டும்னு சாமி சொல்லிடுச்சாம்."

இதைச் சொல்லிவிட்டு, "நீ மனசுல வச்சுக்காத தாயி" என்றும் சொன்னார்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் போனது. கல் மதகின்மேல் ஏறி, மாட்டுவண்டிகள் அதன்மேல் போக ஆரம்பித்துவிட்டன. நான் மட்டும் ஓடைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறுவேன். வயிறு பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருப்பது எவ்வளவு நீளம் இருக்கும் என்று கையால் அளந்து பார்ப்பேன். வீட்டுக்காரரிடம் ஒருநாள் சொன்னேன். "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் வேலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவுகிறவர், அந்த நாட்களில் சாப்பிட்டபின்னும், படுப்பதற்கு முன்னும் கழுவிக்கொண்டேயிருந்தார். அது என்னை இன்னும் பயமுறுத்தியது. அவர் சிறுவயதில் இதே கரட்டடியில் வளர்ந்தவர். இந்தக் கதைகளை என்னைவிட முன்னாலேயே கேட்டவர்.

நாத்தனார் சொன்ன கதை வேறு. கீரை ஆய்ந்துகொண்டே, நான் கேட்காமலே சொன்னார். "சாமியுமில்ல, ஒண்ணுமில்ல. அவுங்க நம்மள மாதிரி ஆளுங்கதான். ஒரு பஞ்சத்துல அக்கம்பக்கத்துக்குத் தெரியாம சோத்த ஒளிச்சு வச்சுத் தின்னாங்க. வெளிய தெரியக்கூடாதுன்னு கூரையத் தாழ்த்திக் கட்டி, குனிஞ்சு குனிஞ்சு உக்காந்து தின்னதுல ஒடம்பு குறுகிப்போச்சு. அவ்வளவுதான். நீ போய்ச் சாப்புடு."

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் சாயங்காலங்களில் நாத்தனார் கரட்டுப் பக்கம் போய்வருவதைப் பார்த்தேன். கையில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிள்ளை பிறந்தது ஒரு காலைநேரத்தில். நான் மயங்கி, மயக்கம் தெளிந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் இல்லை. மருத்துவச்சி பிள்ளையை ஏற்கெனவே குளிப்பாட்டித் துணியில் சுற்றியிருந்தாள். கழுத்துவரை இறுக்கமாகச் சுற்றியிருந்தாள்.

"என்ன புள்ளைங்க?"

"பொம்பளப் புள்ள."

"எங்கிட்டக் குடுங்க."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் வாங்கி என் பக்கத்தில் படுக்கவைத்தார். நான் துணியைப் பிரித்தேன். உடம்பு எல்லாப் பிள்ளையையும் போல இருந்தது. தலை பெரிது, நெற்றி முன்னால் தள்ளியிருந்தது. கைகள் இடுப்புவரைகூட வரவில்லை. தொடைகள் குட்டையாக, மடிப்பு மடிப்பாக. விரல்கள் எல்லாம் ஒரே நீளம். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் பிள்ளை உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷமும், ஆட்டுக்கார அம்மாள் சொன்னது பலித்துவிட்டது என்ற திகிலும் ஒன்றாகவே வந்தன. எது முதலில் வந்தது என்று பிரிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. கையைக் கழுவப் போய்விட்டார்.

ஊர் முழுக்கத் தெரிய ஒரு பகல் போதுமானதாக இருந்தது. பெண்கள் வந்து பார்த்தார்கள். துணியை விலக்கிக் காலைப் பார்ப்பார்கள், பிறகு மூடிவிடுவார்கள். என் எதிரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்ச் சொன்னார்கள். மண்சுவர் வழியாக எல்லாம் கேட்கும்.

"அவுங்க புள்ள. அவுங்க கிட்டயே உட்டுறணும்."

"அங்க இன்னும் கூரையோட வூடுங்க இருக்குதில்ல, அதுல ஒரு பொழுது வச்சுட்டு வரட்டும். நம்ம புள்ளன்னா அங்கயே கெடக்கும். அவுங்களதுன்னா எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

"வச்சுக்கிட்டு இருந்தா அடுத்ததும் இப்பிடித்தான் வரும்."

இதை மருத்துவச்சி என் வீட்டுக்காரரிடமே நேரில் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் சத்தம் போட்டு விரட்டுவார் என்று காத்திருந்தேன். மருத்துவச்சி நடந்துபோகும் ஓசைதான் கேட்டது.

அதற்குப்பின் தூளியில் பிள்ளையைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் முந்தானையை அவள் இடுப்பில் கட்டிக்கொண்டு படுப்பேன். தண்ணீருக்குப் போனால் அவளோடு போவேன். நாத்தனார் கையில் கொடுக்கும்போதுகூட அவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். பால் கட்டி எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது முந்தானை அவிழ்ந்து தரையில் கிடந்தது. பிள்ளை இல்லை. வீட்டில் யாரும் இல்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பிறந்ததிலிருந்து அன்றுவரை நான் எதற்கும் ஓடியதில்லை. தலைமுடி அவிழ்ந்து, காலில் ஒன்றும் இல்லாமல், நான் மிதிக்கவே மாட்டேன் என்றிருந்த மதகின்மேல் ஏறி ஓடினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கரட்டில் ஏறும்போது மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. கத்தினேன். பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அதனால் எதைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் வெறுமனே கத்தினேன்.

கூரையோடு இருந்த ஒரு கல்வீட்டுக்குள் வெள்ளைச் சேலை தெரிந்தது. நாத்தனார் உள்ளே குறுகி உட்கார்ந்திருந்தார். தலை கூரைக்கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. மடியில் பிள்ளை. தூறல் படாமல் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார்.

நான் பிள்ளையைப் பறித்தேன். தூக்கம் கலைந்து அவள் வீறிட்டு அழுதாள். அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"என்ன அண்ணி பண்ணுனீங்க? என்ன பண்ணுனீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைக் காட்டினார்.

"எறும்பு" என்றார். "உள்ள பூரா எறும்பு. எறும்பு இருக்கற எடத்துல புள்ளய எப்பிடிப் போடறது?"

"வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"தெரியல. வந்ததுலருந்து இப்பிடித்தான் வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்." பிறகு, "கால் மரத்துப்போச்சு. கை குடு, புள்ள" என்றார்.

ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் அவரை வெளியே இழுத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் நனைந்துகொண்டே இறங்கி வந்தோம். வழியில் அவர் அழுதார். என் கல்யாணத்துக்குப் பின் அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் நாத்தனாரே நடந்ததைச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்லல" என்றார் என்னைப் பார்த்து. "அக்காகிட்ட நான் எதையும் சொல்லல."

"வேணாம்னும் நீங்க சொல்லலீங்களே."

அவர் எழுந்து வந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினார். பிறந்தபின் அவர் அவளைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், ஈரச் சிமிட்டி பூசிய சட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்கு ஒரு வயது ஆகும்போது தருமபுரியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரர் எங்களைக் கூட்டிப்போனார். யுத்தம் வந்துவிட்டிருந்தது, பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. மேட்டில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். டாக்டர் பிள்ளையைப் படுக்கவைத்து முதுகைத் தடவினார், கையை நீட்டி மடக்கினார், எதிரில் சாவிக்கொத்தை ஆட்டினார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்க மறுத்தாள்.

"புத்திக்கு ஒரு குறையும் இல்லை. எலும்பு வளர்ற விதம் இது. உயரமாக மாட்டாள். மற்றபடி எல்லாரையும் போல இருப்பாள். உட்காரச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க, முதுகு வளைஞ்சிடும். நேரம் ஆனாலும் நடப்பாள்" என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்துகொண்டே கேட்டார். "ஒரு கல்லத் தூக்குனேங்க. குள்ளரு வூட்டுக் கல்லு."

"கல்லுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"அப்ப ஏங்க டாக்டர் இப்பிடி ஆச்சு?" என்று நான் கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியாதும்மா" என்றார்.

திரும்பி வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டுக்கார அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. நாத்தனாருக்கும், கூலிக்காரர்களுக்கும், மருத்துவச்சிக்கும் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்னவர் டாக்டர் ஒருவர்தான். ஆனாலும் அவர் சொன்ன வார்த்தையைக் கேட்டபின்தான் நான் அந்த ராத்திரி தூங்கினேன்.

பயம் அதோடு போய்விடவில்லை. வேறு உருவம் எடுத்தது. அவள் நடக்க இரண்டரை வயதுக்கு மேல் ஆனது. நடந்தபின் தெருவுக்குப் போகக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். அவள் சந்து வழியாகப் போனாள். பிள்ளைகள் "குள்ளரூட்டுக்காரி" என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால், ஒருநாள் நேராக ஆட்டுக்கார அம்மாளிடமே போய், "குள்ளருன்னா யாரு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த அம்மாள் மண், குடம், பலம் என்று முழுவதையும் சொல்லியிருக்கிறார். கடைசியில் வருகிற சாபத்தை மட்டும் விட்டுவிட்டார். அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியாக இருக்கிறேன்.

"அம்மா, எனக்குத்தான் மிச்சப் பலமெல்லாம் ஊதுனாங்களாம்" என்று அவள் மூச்சிரைக்க வந்து சொன்னாள். சொன்ன கையோடு ஆட்டுக்கல் குழவியைத் தூக்கப் போனாள். அது அவள் கால்மேல் விழ இருந்தது. நான் கத்திய கத்தலில் நாத்தனார் கொல்லையிலிருந்து ஓடி வந்துவிட்டார். அதற்குப்பின் குழவி, உலக்கை எல்லாவற்றையும் உயரத்தில் வைத்தோம். அவள் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்ப்பாள்.

மறுபடி உண்டானபோது அவளுக்கு ஐந்து வயது. அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முன்பு பட்டது எல்லாம் பட்டேன். இந்தத் தடவை என் பயத்தை ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது, அதுதான் வித்தியாசம். வேறு மருத்துவச்சியைக் கூப்பிட்டோம். பையன் பிறந்தான். நீளமான கால், நீளமான கை. அவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியே போய்த் தனியாக நின்றுகொண்டார். ஊர்ப் பெண்கள் இந்த முறை துணியை விலக்கிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் தம்பியின் காலைப் பிடித்து நீட்டிப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.

"இவன் எங்க ஆளு இல்லையாம்மா?"

அவள் முகத்தில் இருந்தது ஏமாற்றம். அவனும் தன்னைப் போல வருவான் என்று ஒன்பது மாதம் காத்திருந்திருக்கிறாள். நான் அது அப்படி வந்துவிடக் கூடாது என்று அதே ஒன்பது மாதம் வேண்டிக்கொண்டிருந்தேன். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். நாத்தனார்தான், "ஒரே வயித்துல பொறந்தா ஒரே ஆளுதான். போய்க் கை கழுவிட்டு வா, தம்பியத் தூக்கலாம்" என்றார். அவள் ஓடினாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க எனக்கு மனமில்லை. வீட்டுக்காரர்தான் பிடிவாதமாக இருந்தார். "நாம எத்தன நாளைக்குக் கதவச் சாத்தி வைக்கறது?" என்று கேட்டார். அவரும் அவளும் ஒன்றாக நடந்து போவதைப் பார்த்தால், அவர் தன் நடையைக் குறுக்கிக்கொண்டு போவது தெரியும். வாத்தியார் அவள் கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், ஒரு வார்த்தையும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார். தாழ்வான ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் அவளை உள்ளே விட்டபின் நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த வேலியோரம் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சத்தம் நின்றால் அதைவிட அதிகமாக அடித்துக்கொள்ளும். வெயில் ஏறியது. பையன் அழுதான், பால் கொடுத்தேன், தூங்கினான். ஒருமுறை யாரோ ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. நான் வேலியைத் தாண்டிக் கதவுவரை போய்விட்டேன். அழுதது வேறு யாரோ.

மத்தியான மணி அடித்ததும் பிள்ளைகள் கலைந்து வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் அவள் வந்தாள். பலப்பக் கறை முகமெல்லாம் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ எதுக்கு இங்க வந்த? யாரோட அம்மாவும் வரல" என்றாள்.

"சும்மாதான் வந்தேன். யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அந்தப் பையன் எம் பலப்பத்த ஒடச்சுட்டான். நான் கடிச்சுட்டேன்."

"கடிச்சியா? எங்க?"

"கையில." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் அழுதுட்டான்" என்றாள்.

கடிபட்ட பையனின் அம்மா சாயங்காலம் சண்டைக்கு வரப் போகிறாள், அவளிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நினைத்துக்கொண்டே மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா வரத்தான் செய்தாள்.